மேலிருந்து பிடிபட்ட சகலை

ஈப்போ,
வியாழக்கிழமை, சாயங்கால மழைக்கு முன்.

பெருமதிப்பிற்குரிய மாமா மாயாண்டி அவர்களுக்கு,

தங்கள் மூத்த மகள் நவமணியின் கணவனும், தங்கள் குடும்பத்துக்குள் முதலில் காலடி வைத்த மாப்பிள்ளையுமான ஐயாவு இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நவமணியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். அடுப்படியில் பாத்திரம் விழும் ஓசையை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அவளிடம் பேசவில்லை. காரணம் கீழே வருகிறது. தெலுக் இந்தானில் தங்கள் முழங்கால் வலி, சர்க்கரை, பின்வீட்டுச் சேவல் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் தபாலில் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்பீர்கள். வாட்சப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் வருகிற குரல்பதிவை எல்லாம் கேட்பதற்கு முன்பே குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். போன தீபாவளிக்கு நான் தங்களிடம் தனியாகச் சொன்ன மூலவியாதி விஷயம், சிங்கப்பூரில் இருக்கும் தங்கள் பேத்தி பாப்பா வரைக்கும் போய், அவள் வாழ்த்து அட்டையோடு எனக்கு ஒரு களிம்பும் அனுப்பிவைத்தாள். ஆகவேதான் தபால். தயவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கவும்.

விஷயம் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தேர். தேரை மேலிருந்து படமெடுக்க ஒரே ஒரு டுரோன்தான் பறக்கலாம், இரண்டு பறந்தால் ஒன்றோடு ஒன்று மோதி அம்மன் தலையில் விழும் என்று கோயில் தலைவர் என்ற முறையில் தாங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள். மிகச் சரியான முடிவு. அந்த ஒன்று யாருடையது என்பதை இந்த வாரக் கடைசியில் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மாமா, அது என்னுடையதாக இருக்க வேண்டும். என் சகலை, தங்கள் இளைய மகள் துளசியின் கணவர், திருவாளர் யுகேந்திரனுடையதாக இருக்கவே கூடாது. இவ்வளவுதான் கடிதம். மற்றதெல்லாம் காரணம்.

தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு, நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, சனமெல்லாம் ஈப்போ, கமுந்திங், கிள்ளான் என்று கலைந்து போன பிறகும், வருஷத்துக்கு ஒரு நாள் தேருக்கு எல்லோரும் அங்கே வந்து கூடிவிடுகிறோம். அன்றைக்கு லாரி மேலே ஏறி நின்று கைப்பேசியில் படமெடுப்பவன் நான். தைப்பிங்கில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்தே எடுத்து வருகிறேன். அது யாரும் எனக்குக் கொடுத்த பதவி இல்லை, ஆனால் யாரும் பறித்ததும் இல்லை. என் படத்தில் தேர் கொஞ்சம் ஆடும், ஓரத்தில் என் கட்டைவிரல் தெரியும், காற்றுச் சத்தத்தில் மேளம் கேட்காது. இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து பார்த்து, "மாப்ள எடுத்தது" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாமா நான் அந்த லாரியில் ஏறினேன். இல்லாவிட்டால் நான் ஏணியில் மூன்றாம் படிகூட ஏறாதவன்.

போன வருஷம் என்ன நடந்தது? யுகேந்திரன் கமுந்திங்கிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். தொழிற்பேட்டையில் பெரிய வேலை, பேசும்போதே காற்றில் முடி பறக்கும், ஐம்பதை நெருங்கியும் ஒரு நரை கிடையாது. எனக்கும்தான் முடி இருக்கிறது, தினம் முகம் பார்க்கும் கண்ணாடியில் வாரிக்கொள்கிறேன், ஆனால் என் முடியைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவர் நிழலில் கோயிலின் சிவப்பு நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். மூக்கில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, கையிலிருந்த பெட்டிக்குப் போயிற்று. கும்பலுக்கு நடுவிலிருந்து டுரோன் குளவி போல இரைந்துகொண்டு மேலே கிளம்பியது. நான் லாரி மேலே ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கைப்பேசியையும் பிடித்து உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது என் தலைக்கு மேலே போய் நின்று, என்னைக் குனிந்து பார்த்தது. அதற்கு முகம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் அக்கிரமம். அந்தக் கண்ணாடிக்குள்ளே சுவர் அளவுக்குப் பெரிய திரை தெரிகிறதாம், டுரோன் பார்ப்பதையெல்லாம் அதிலே பார்க்கலாமாம். தேரை விட்டுவிட்டுச் சனம் கண்ணாடிக்கு வரிசை கட்டியது. அர்ச்சனைத் தட்டோடு நின்ற சனம் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றது. தாங்களும் மாட்டிப் பார்த்தீர்கள். "அட, அம்மனுக்கே நம்மளெல்லாம் இப்டிதான் தெரியும்போல" என்று சொல்லிவிட்டு, யுகேந்திரனின் முதுகில் தட்டினீர்கள். மாமா, எனக்குத் திருமணமான நாள் முதல் இன்றுவரை தாங்கள் என் முதுகில் தட்டியதே கிடையாது. அன்று ராத்திரி தொலைக்காட்சியில் ஓடியது அவருடைய படம். என் கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. யாரும் கேட்கவில்லை. மாலை சாற்றிய இறாலில் பெரியதாக ஒன்றைத் தாங்கள் எடுத்து அவர் தட்டில் வைத்ததையும் நான் பார்த்தேன். ("மாலை சாற்றிய" என்று எழுதிவிட்டேன், மசாலா தடவிய என்று வாசிக்கவும். கோபத்தில் பேனா தன் இஷ்டத்துக்கு எழுதுகிறது.)

பொறாமை என்று நினைக்க வேண்டாம். பொறாமைதான். ஆனால் நியாயமான பொறாமை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நவமணி அந்த வரிசையில் இரண்டு முறை நின்றாள். இரண்டு முறை! என் படத்தை அவள் ஒரு வருஷமும் முழுசாகப் பார்த்ததில்லை, அம்மன் புறப்படுவதற்குள் நாற்காலியில் தூங்கிவிடுவாள். அன்று ஈப்போவுக்குத் திரும்பும்போது கம்பார் தாண்டும் வரைக்கும் அதே பேச்சு. "செம்பனை மரமெல்லாம் மேலேருந்து பாத்தா பூக்கோலம் போட்ட மாதிரி இருக்குங்க. நாம இத்தன வருஷம் அந்த வழியா போறோம், நமக்குத் தெரியவே இல்ல பாருங்க." நமக்குத் தெரியவில்லையாம். எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக மரியாதைக்கு அப்படிச் சொன்னாள்.

ஆகவே நானும் வாங்கினேன். டுரோன், கண்ணாடி, வயர், முன்னால் மாட்டும் கறுப்பு மூடி எல்லாம். அந்த மூடியைப் போட்டுவிட்டால் வெளியுலகம் சுத்தமாகத் தெரியாது, திரை மட்டும் பளிச்சென்று தெரியும். பெட்டி வந்து சேர்வதற்குள் செய்தி கமுந்திங்குக்குப் போய்விட்டது. யுகேந்திரன் தானாகவே கூப்பிட்டார். "அண்ணே, வாங்கிட்டீங்களாமே! சூப்பர் லா. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அந்தக் கண்ணாடியப் போட்டா கண்ணு மேல போயிரும், ஒடம்பு மட்டும் கீழ கெடக்கும். எப்பவும் பக்கத்துல ஒரு ஆள நிக்க வச்சுக்குங்க. சட்டமும் அப்டிதான் சொல்லுது. எதாச்சும் தெரியலன்னா கூப்புடுங்க, நான் வாரேன்." கேட்டீர்களா மாமா? எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டுமாம், சின்னப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. நான் "சரி தம்பி, சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதில் எதையும் செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதல் ஓட்டம் எங்கள் தமான் குடியிருப்பில், வீட்டு வாசலில். டுரோனை இடுப்பளவு உயர்த்தி, கண்ணாடியை மாட்டி, முன்னால் போகும் விசையை அழுத்தினேன். திரையில் தெரு என்னை நோக்கி ஓடி வந்தது. ஓடி வந்தால் மனிதன் என்ன செய்வான்? நானும் அதோடு முன்னால் சாய்ந்தேன், ஓரடி வைத்தேன், இன்னோரடி வைத்தேன். டுரோன் பக்கத்து வீட்டு மாமரத்தில் பத்திரமாக உட்கார்ந்தது. நான் வாசல் லோங்காங்கில், சாக்கடைத் தண்ணீரில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் அப்போதும் மாம்பூ அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது. மாமரத்துக்குச் சொந்தக்காரர், சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஷரபுதீன் பாய் வந்து கை கொடுத்துத் தூக்கினார். "என்னண்ணே, மேல போறேன்னு சொல்லிட்டு கீழ போய்ட்டீங்களே" என்றார். சாக்கடை நாற்றத்தோடு நிற்கிறவனிடம் அவரே இன்னொன்றும் சொன்னார், நம் தமான் விமான நிலையத்துக்குக் கிட்ட இருப்பதால் இங்கே இதையெல்லாம் பறக்கவிடவே கூடாது என்று. இதை யுகேந்திரன் எனக்குச் சொல்லவில்லை. அவர் சொல்லி நான் கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்கும்படி சொல்லவில்லை.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நானும் நவமணியும் தோட்டத்துக்குப் போனோம். பழகிப் பார்க்க எனக்கும் யுகேந்திரனுக்கும் தோட்ட மேனேஜரிடம் தாங்கள் அனுமதி வாங்கித் தந்திருந்தீர்கள் அல்லவா? நல்ல காரியம் என்பதால் சென்ற வருஷத் தேருக்குத் தாங்கள் எல்லா ஆண்களுக்கும் அடித்துக்கொடுத்த மஞ்சள் டி-சட்டையைப் போட்டுக்கொண்டேன், முதுகில் "மாயாண்டி குடும்பம்" என்று இருக்குமே, அது. கோயில் ஸ்டோரைத் திறந்து ஒரு சிவப்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு, லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் வெளிக்கு வந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து கோயில் கண்ணுக்குத் தெரியாது, நடுவே நாலைந்து வரிசை மரம். நவமணி எண்ணெய்ப் போத்தலோடு கிளம்பினாள். "அம்மனுக்கு வெளக்குப் போட்டுட்டு வாரேங்க. நான் வர்ற வரைக்கும் அதக் கெளப்பாதீங்க" என்றாள். அவள் தலை மறைந்ததும் கிளப்பினேன்.

என்ன சொல்வது மாமா! செம்பனை பூக்கோலம் போலத்தான் இருக்கிறது. இதை நான் நவமணியிடம் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம். கோயில் தகரக் கூரை தெரிந்தது, கூரைமேல் யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. கிளிப்பச்சைச் சேலையில் நவமணி உள்ளே போவதைப் பார்த்தேன். தேர் அன்றைக்கு இப்படித்தான் நிற்கப் போகிறேன் என்று கோயிலுக்கு மேலேயே டுரோனை நிறுத்திவைத்துக்கொண்டு, ராத்திரி தங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடுவதையும், தாங்கள் என் முதுகைத் தேடுவதையும் நினைத்து அப்படியே மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கோ டீட் டீட் என்று சத்தம் கேட்டது, குலை லாரிக்காரன் பின்னால் எடுக்கிறான் என்று விட்டுவிட்டேன். திரையின் அடியில் சிவப்பாக ஏதோ எழுத்து ஓடியது. சினிமாப் படத்திலேயே அடியில் ஓடும் எழுத்தை நான் படிப்பதில்லை. படமும் கொஞ்சம் நகர்ந்தது, காற்று என்று நினைத்தேன். கோயிலுக்குப் பின்பக்க வெளி போலிருக்கிறது, மேலிருந்து பார்த்தால் தோட்டத்தில் எல்லா வெளியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, அது தெரிந்தது.

அங்கே என்ன கண்டேன்? ஒரு சிவப்பு நாற்காலி. அதில் மஞ்சள் டி-சட்டை. காதோரம் கறுப்பாகக் கண்ணாடிக் காம்பு, அதிலிருந்து வயர், கையில் பெட்டி. முகம் தெரியவில்லை. முகம் எதற்கு? இந்தக் குடும்பத்தில் மஞ்சள் சட்டையும் கண்ணாடியும் வைத்திருப்பது என்னைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். என் சகலை எனக்குத் தெரியாமல் வந்து, எனக்குத் தெரியாமல் பழகிக்கொண்டிருக்கிறார். காரைக்கூட எங்கோ மரத்தடியில் ஒளித்து வைத்திருக்கிறார். இது போதாதென்று அவர் பக்கத்தில் நிற்பது யார்? கிளிப்பச்சைச் சேலை. தங்கள் மூத்த மகள். நான் தாலி கட்டிய நவமணி. அவள் ஓர் அட்டைப்பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்து அவர்மேல் படும் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். கை வலித்தால் மாற்றிப் பிடிக்கிறாள். நடுவில் துண்டை எடுத்து அவர் பிடரி வேர்வையைத் துடைக்கிறாள்.

நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை மாமா. அவர் அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி, அது எனக்குத் தெரியும். ஆனால் அட்டை யாருக்குப் பிடிக்க வேண்டியது? மரத்துக்கு அந்தப் பக்கம் கட்டிய புருஷன் வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது, எதிராளியின் பிடரியைத் துடைக்கலாமா? எனக்கு அந்த நேரத்தில் உடம்பே குளிர்ந்துவிட்டது. பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது, தூறல் என்று நினைத்தேன். வெயிலும் குறைந்த மாதிரி இருந்தது. அப்போது நவமணி அவர் தோளில் உட்கார்ந்த கொசுவுக்குப் பளாரென்று ஒன்று வைத்தாள். தாங்கள் நம்ப மாட்டீர்கள், அதே நொடியில் என் தோளில் சுரீர் என்று வலித்தது. மன வேதனை உடம்பிலும் தெரியும் என்று டாக்டர்கள் சொல்வது உண்மைதான்.

ஒரே ஒரு ஆறுதல். மேலிருந்து பார்த்ததால் உலகம் இதுவரை அறியாத ஒன்றை நான் அறிந்துகொண்டேன். யுகேந்திரனுக்கு வழுக்கை! உச்சியில், கோப்பிக் கோப்பை வைக்கும் தட்டு அளவுக்கு, வேர்வையில் மின்னிக்கொண்டு, வட்டமாக. முன்னால் இருக்கிற முடியை வைத்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தத் துயரத்திலும் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. உடனே படம் பிடித்துவிட்டேன். இதோடு இணைத்திருக்கிறேன். பட்டணத்தில் பெரிதாகப் பிரிண்டு போட்டு வாங்கினேன். கடைக்காரர் பணம் வாங்கும்போது படத்தையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஏனென்று தெரியவில்லை.

பிறகு என் கோபம் ஏற ஏறப் படமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர்கள் தலை, தோள், முழங்கால், கடைசியில் செருப்பும் புல்லும். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வீசினேன். மாமா, தங்கள் மகளின் வேகத்தை என்ன சொல்வேன்! அதற்குள் அவள் மரங்களைத் தாண்டி ஓடி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். மூச்சுகூட வாங்கவில்லை. கையில் அதே அட்டை, தோளில் அதே துண்டு. "முடிஞ்சுதாங்க?" என்று சிரிக்கிறாள். டுரோனும் என் காலடியில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு மன உளைச்சலிலும் அதைக் கைதவறாமல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன், இதைத் தாங்கள் தேர் விஷயத்தில் கவனத்தில் கொள்ள வேண்டும். நான் கோயிலுக்கு ஓடினேன். பின்பக்கம் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. யுகேந்திரன் இல்லை, கார் இல்லை, அவர் உட்கார்ந்த நாற்காலிகூட இல்லை. எல்லாவற்றையும் ஸ்டோரில் எடுத்து வைத்துவிட்டுத் தப்பியிருக்கிறார். திருட்டிலும் ஒரு நேர்த்தி.

நவமணியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் சண்டை தீர்ந்துவிடும். அதனால் பேச்சை நிறுத்திவிட்டேன். பசியாறும்போது கோப்பி வேண்டும் என்றால் கோப்பையை மேசையில் தட்டுகிறேன். அவளும் ஊற்றிவிட்டுப் போகிறாள், ஏன் என்று கேட்க மாட்டேன் என்கிறாள். அதுவே குற்றத்துக்குச் சாட்சி.

ஆகவே மாமா, தாங்கள் நீதி தெரிந்தவர். மூத்த மாப்பிள்ளைக்கு உரியதை மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுங்கள். மறைந்திருந்து பழகுகிறவருக்கு, பிறர் மனைவியை அட்டை பிடிக்க வைக்கிறவருக்கு, தலையில் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவருக்கு அம்மன் தேரைப் படமெடுக்கும் உரிமை கிடையாது என்று கமிட்டியில் சொல்லிவிடுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, படத்தைக் காட்டினால் போதும்.

தங்களுக்கு அம்மன் நீண்ட ஆயுளையும், முழங்காலுக்குத் தெம்பையும், இந்த விஷயத்தில் தெளிவையும் தர வேண்டிக்கொண்டு, பாதம் பணிந்து விடைபெறுகிறேன்.

என்றும் தங்கள் முதல் மாப்பிள்ளை,
ஐயாவு

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் சேவலைப் பற்றி விசாரித்ததைத் தவிர மற்றவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தபால்தலை தேடி நான் அறைக்குள் போன நேரத்தில் நவமணி மேசையைத் துடைக்க வந்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் நிற்கிறாள். "என்னங்க, இத எப்ப எடுத்தீங்க? சொல்லவே இல்ல. நாம ரெண்டு பேரும் சேந்து படம் எடுத்து எவ்ளோ நாளாச்சு!" என்றாள். சபதத்தை மறந்து நான் வாயைத் திறந்துவிட்டேன். "நாம இல்ல. அது நீயும் யுகேந்திரனும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "எந்த யுகேந்திரன்? இது நீங்க லா" என்றாள். "எனக்கு வழுக்கை கெடையாது" என்றேன். மாமா, அதற்கு அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றை என் கையில் கொடுத்து, இன்னொன்றை என் பின்னால் பிடித்தாள். கோப்பித் தட்டு இருந்தது.

"ரொம்ப வருஷமா இருக்குங்க. தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு நான்தான் முடிவெட்டுற தேவன்கிட்ட, இவருக்கு மட்டும் பின்னால கண்ணாடி காட்டாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். முடிவெட்டிய பிறகு தேவன் எல்லோருக்கும் பின்னால் கண்ணாடி காட்டுவான், எனக்கு மட்டும் காட்டமாட்டான். நான் பழைய வாடிக்கை, அதனால் அவசியமில்லை என்று இத்தனை காலமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றதையும் அவளே அவிழ்த்தாள். கோயிலில் விளக்கு ஏற்றும்போதே, நான் எப்படிப் பழகுகிறேன் என்று கேட்க யுகேந்திரன் அவளைக் கைப்பேசியில் கூப்பிட்டாராம். அவள் கோயிலில் இருப்பதாகச் சொன்னாளாம். "அண்ணன தனியா வுட்டுட்டு வந்துட்டீங்களாக்கா? ஒடனே போங்க. அந்தக் கண்ணாடி போட்டா பக்கத்துல பாம்பு வந்தாலும் தெரியாது. பேசாதீங்க, பேசுனா கை பதறும், சும்மா பக்கத்துல நில்லுங்க" என்றாராம். அவளும் வந்து சும்மா நின்றிருக்கிறாள். கோயிலுக்குள்ளிருந்து மரத்தடி வழியாகவே வந்ததால் என் கண்ணில் படவில்லை. நான் நம்பாமல் துளசியைக் கூப்பிட்டேன். "அவரா? ஞாயித்துக்கெழம முழுக்க ஃபேக்டரிலதானே இருந்தாரு" என்றாள். பிறகு யுகேந்திரனே வாங்கிப் பேசினார். பேட்டரி தீரப் போகும்போது சிவப்பில் எழுத்து வருமாம், டீட் டீட் என்று கத்துமாம், அதையும் நாம் கவனிக்காவிட்டால் டுரோன் தானாகவே எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே திரும்பி வந்து இறங்கிவிடுமாம். "ஏண்ணே, என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்" என்றேன். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தாங்களும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். நவமணி அதை முழுசாக வாசித்துவிட்டு, கொசு அடித்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்டியே அனுப்புங்க. அப்பா சிரிச்சு எவ்ளோ நாளாச்சு" என்றாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன். படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்போது அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த ஆள் நான்தான் என்று தெரிந்த பிறகும் அவன்மேல் எனக்குப் பொறாமை அடங்கவில்லை. அவள் அன்று கை வலிக்க வலிக்க அட்டையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். படத்தில் தலையைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னை ஒருத்தி இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இந்த வயது வரைக்கும் தெரியாது மாமா. அந்தத் தடிமாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மூக்கில் கறுப்புக் கண்ணாடியோடு எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறான்.

தேரை யுகேந்திரனே எடுக்கட்டும். முதுகிலும் தட்டிக்கொடுங்கள், அவர் கெட்டிக்காரர். நான் லாரியிலும் ஏறமாட்டேன், நவமணி பக்கத்தில் கீழேயே நிற்கிறேன். ஆனால் தேர் திரும்பும் இடத்தில் எங்கள் தலைக்கு மேலே மட்டும் ஒரு சுற்று விடும்படி அவரிடம் சொல்லுங்கள். ராத்திரி தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், அந்த வழுக்கைத் தலையன் இந்த வருஷமாவது அவளைத் திரும்பிப் பார்க்கிறானா என்று நான் பார்க்க வேண்டும்.